ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸில் அப்படி என்னதான் இருக்கிறது?

வாசகர் கேள்வி
3 அக்டோபர் 2025

இந்த வீடியோ கேமின், செப்டம்பர் 30 அன்று வந்த மறுபதிப்பை மூன்று நாளாக ஆடிக்கொண்டிருக்கிறேன். கட்டம் கட்டமான தரை, மூக்கே இல்லாத பொம்மைகள், ஒரு சண்டைக்கு அரை மணி நேரம். கடைசியில் ஒரு கிழவர் வந்து சேர்வாராம், அப்புறம் அவர் ஒருவரே எல்லாரையும் வெட்டிச் சாய்த்துவிடுவாராம். இதையா 28 வருஷமாகத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள்? சின்ன வயதில் ஆடிய பாசம் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

3 அக்டோபர், இரவு

பாதி சரி. அகிஹிகோ யோஷிதா வரைந்த ஆட்கள் யாருக்கும் மூக்கு கிடையாது. பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

கிழவர் விஷயமும் சரிதான். நான்காம் அத்தியாயத்தில், பெத்லா கோட்டைச் சண்டைக்குப் பிறகு, ‘இடிக்கடவுள்’ என்று பட்டம் வாங்கிய ஓர்லாண்டு நம் பக்கம் வருவார். வரும்போதே கையில் எக்ஸ்காலிபர். அந்த வாளை வைத்திருப்பவருக்கு எப்போதும் கூடுதல் வேகம். அவருடைய வாள் வித்தைகளுக்கு மந்திர சக்தியும் செலவில்லை, காத்திருக்கவும் வேண்டாம். அவரைக் களத்தில் இறக்கிவிட்டு நீங்கள் தோசை வார்க்கப் போகலாம்.

ஆனால் பாசம் மட்டும்தான் காரணம் என்பதை ஒப்ப மாட்டேன். நான் முதலில் ஆடியது ஜப்பானிய வட்டு. 1999 கோடை விடுமுறையில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய பிளேஸ்டேஷனோடு வந்தது அது. ஓர் எழுத்து புரியாது. யார் நல்லவன், யார் கெட்டவன், எதற்காக அடித்துக்கொள்கிறார்கள், எதுவும் தெரியாது. நானும் அக்காவும் அந்தக் கோடை முழுக்க அதை விடவே இல்லை. தட்டுத் தடுமாறி இரண்டாம் அத்தியாயம் வரை போனோம். கதையே தெரியாமல் ஒட்டிக்கொண்ட ஆட்டம் இது. மிச்சம் நாளை.

4 அக்டோபர், காலை

என்னைப் பிடித்துப்போட்டது நேரக் கணக்கு.

1990இல் தொடங்கிய ஃபயர் எம்பளம் என்ற ஆட்ட வரிசையில் நம் ஆட்கள் எல்லாரும் ஒருமுறை நகர்வார்கள், பிறகு எதிரிகள் எல்லாரும் நகர்வார்கள். கபடி மாதிரி, ஒரு பக்கம் பாடி முடித்த பிறகு மறு பக்கம். டாக்டிக்ஸ் அப்படி இல்லை. ஒவ்வொருவருக்கும் சிடி என்று ஒரு அளவு உண்டு. அவரவர் வேகத்துக்கு ஏற்ப அது ஏறிக்கொண்டே போகும். யாருடையது 100 தொடுகிறதோ அவர் முறை. நடந்து, அடிக்கவும் செய்தால் 100ம் கழியும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 20 மிச்சம். எதுவும் செய்யாமல் நின்றால் 40 மிச்சம். சும்மா நிற்பதுகூட ஒரு முடிவுதான், அடுத்த முறைக்குச் சேர்த்து வைப்பது.

மந்திரம் இன்னும் மோசம். இப்போது சொன்னால் உடனே நடக்காது, கொஞ்ச நேரம் கழித்துதான் விழும். அதற்குள் எவன் எங்கே போவான் என்று பார்க்க வேண்டும். மந்திரத்தைக் கட்டத்தின் மீதும் குறிவைக்கலாம், ஆள் மீதும் குறிவைக்கலாம். ஆள் மீது வைத்தால் அவன் போகும் இடமெல்லாம் அதுவும் கூடவே போகும்.

அந்தக் கோடையில் எங்கள் கறுப்பு மந்திரவாதி எதிரி வீரன் ஒருவன் மீது நெருப்பை ஏவினான். வீரன் நேராக நடந்து வந்து எங்கள் மந்திரவாதியின் பக்கத்தில் நின்றுகொண்டான். நெருப்பு இருவர் தலையிலும் விழுந்தது. மொழி தெரியாததால் எங்களுக்கு ஒரே விளக்கம்தான் கிடைத்தது: இவன் துரோகி. இரண்டு நாள் அவனைச் சண்டைக்கே சேர்க்கவில்லை.

4 அக்டோபர், மதியம்

முகம் பார்க்கும் திசையை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று கேட்கும். முதுகில் விழும் அடியைக் கேடயம் தடுக்காது. இந்த ஒரு கேள்விக்காக நான் செலவிட்ட நேரத்தைக் கூட்டினால் ஒரு பட்டப்படிப்பு முடித்திருக்கலாம்.

5 அக்டோபர்

திருத்தம். அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். “இரண்டாம் அத்தியாயமா? நாம டோர்ட்டர் ஊரையே தாண்டலடா” என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. இரண்டாம் அத்தியாயத்தை நான் பார்த்தது 2003இல், ஆங்கில வட்டில். இரண்டு ஞாபகமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

ஆக, முன்கதை மடாலம், காரிலாண்ட், மண்டாலியா சமவெளி, ஸ்வீஜி காடு, டோர்ட்டர். ஐந்தே சண்டை. அதில் ஐந்தாவதை ஜெயிக்கவே இல்லை. இதற்கு ஒரு கோடை போயிருக்கிறது. என் வாதத்துக்கு இது பலமா பலவீனமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

டோர்ட்டரில் என்ன நடக்கும் என்றால், கூரை மேல் ஒரு வில்லாளி இருப்பான். உயரம் கூடினால் அம்பு எட்டும் தூரமும் கூடும். நாங்கள் ஒவ்வொரு முறையும் கீழே சந்துக்குள் ஓடுவோம், மேலேயிருந்து அம்பு, தூரத்திலிருந்து மந்திரம், கதை முடிந்தது. கூரை மேல் நாமும் ஏறலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஏணி வரையவில்லையே, அதனால்.

6 அக்டோபர்

“நேரக் கணக்கு சரி, ஆனால் ஆட்டத்தில் சமநிலையே இல்லையே, கிழவர் ஒருவர் போதும் என்றால் கணக்கு எதற்கு” என்று திரும்பவும் கேட்டிருக்கிறீர்கள்.

கிழவரை விடுங்கள். அவரைவிடப் பெரிய ஊழல் ஒன்று இருக்கிறது: கணக்காளர். வெள்ளை மந்திரம், கறுப்பு மந்திரம், கால மந்திரம், மாயம் எனப் பல படிப்புகளைத் தாண்டினால்தான் அந்த வேலை கிடைக்கும். ஆமை வேகம். ஆனால் முறை வந்துவிட்டால், “லெவல் 5ஆல் வகுபடும் எல்லார் மீதும்” என்று சொன்னால் போதும், களத்தில் எங்கே இருந்தாலும் விழும். லெவல், அனுபவப் புள்ளி, நிற்கும் உயரம், சிடி ஆகிய நான்கில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். 3, 4, 5 இவற்றால் வகுபடுவது அல்லது பகா எண்ணாக இருப்பது, அதுதான் நிபந்தனை. மந்திர சக்தி செலவில்லை, காத்திருப்பும் இல்லை. நம் ஆளும் அந்த எண்ணில் மாட்டினால் அவனுக்கும் விழும். அதற்கும் வழி உண்டு. பச்சோந்தி அங்கியைப் போட்டுவிட்டால் புனித மந்திரம் விழும்போது உடம்பு தேறும். எதிரி சாவான், நம் ஆள் தெம்பாவான்.

ஊழல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை யாரும் கையில் கொண்டுவந்து தருவதில்லை. 2003இல் அந்த ஒரு ஆளை உருவாக்க எனக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது. சாதாரண ஆட்களுக்கு 20 வேலைகள். எந்த வேலையிலிருந்து கற்றதையும் இன்னொரு வேலைக்கு எடுத்துப் போகலாம். பூர்வீக வித்தை ஒன்று, துணை வித்தை ஒன்று, அடி விழுந்தால் தானாக நடப்பது ஒன்று, பக்கபலம் ஒன்று, நடையில் ஒன்று. ஐந்து இடத்தில் எதை எங்கே வைத்துத் தைப்பது என்பதில்தான் சுகம். சண்டை என்பது தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் ஒரு நடை போய்வருவதுதான். ஹிரோயுகி இட்டோ, அதாவது ஃபைனல் ஃபேன்டஸி 4இல் ஓடும் நேரத்தைச் சண்டைக்குள் கொண்டுவந்தவர், இதன் சண்டை முறையிலும் கை வைத்தவர். முதலில் எழுதிய சிடி கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

வில்லாளிகளைப் பற்றி ஒன்று. குறிவைத்து அதிக பலத்தோடு எய்யும் வித்தை அவர்களுடையது. +1இல் தொடங்கி +20 வரை போகும். அந்த +20 அம்பு கிளம்புவதற்குள் எதிரி ஊருக்குப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்துவிடுவான். வாழ்நாளில் ஒரே முறை பட்டது, தூங்கிக்கொண்டிருந்தவன் மீது.

6 அக்டோபர், இரவு

அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்டாலியா சமவெளியில் எதிரிகளில் ஒருவனை மட்டும் உயிரோடு விட்டுவிட்டு, நம் ஆட்கள் ஒருவர் மீது ஒருவர் கல்லெறிய வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் வேலைப் புள்ளி ஏறும். அப்பா ஒருநாள் பின்னால் நின்று பத்து நிமிடம் பார்த்தார். “இவனுங்க எல்லாம் ஒரே கட்சிதானே?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப சரி” என்று போய்விட்டார்.

8 அக்டோபர்

தடம் மாறிப் போகிறேன், மன்னிக்க வேண்டாம்.

இந்த ஆட்டத்தில் ராசிப் பொருத்தம் இருக்கிறது. கேலி இல்லை. தொடக்கத்தில் கதாநாயகன் ராம்ஸாவின் பிறந்தநாளைக் கேட்பது அதற்குத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு ராசி, அடிப்பவர் ராசிக்கும் அடிபடுபவர் ராசிக்கும் பொருந்தினால் அடி கால் பங்கு கூடும், பொருந்தாவிட்டால் கால் பங்கு குறையும். மருந்து மந்திரத்துக்கும் இதே கதி. மேஷத்துக்குச் சிம்மமும் தனுசும் நல்லது. நம்மூர் ஜோசியர் ஒன்று, ஐந்து, ஒன்பது என்று சொல்வாரே, அப்படியே இருக்கிறது. ஏழாம் ராசி ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் உச்சப் பொருத்தம், பாதிப் பங்கு கூடும். அதே ஏழாம் ராசி இரண்டு ஆணுக்கு நடுவில் வந்தால் பரம விரோதம், பாதிப் பங்கு குறையும். ஆறு-எட்டு தோஷத்தை மட்டும் இவர்கள் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பதில் நாலு-பத்தைக் கெட்டதாக வைத்திருக்கிறார்கள். மேற்கத்திய ஜோசியக் கணக்கு அது.

என் மருத்துவச்சிக்கும் முன்னணி வீரனுக்கும் பொருத்தம் சரியில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு அத்தியாயம் ஆனது. எவ்வளவு மந்திரம் போட்டாலும் அவனுக்கு மட்டும் தேறாது. அக்கா முதலிலேயே சொன்னாள், “அவங்களுக்குள்ள ஏதோ சரியில்ல” என்று.

இன்னொன்று, நம்பிக்கை என்று ஓர் அளவு உண்டு. அது கூடினால் மந்திரம் நன்றாகப் பலிக்கும். அளவு மீறிக் கூட்டிவிட்டால் ஒருநாள், சண்டை வேண்டாம், கடவுளிடம் போகிறேன் என்று கட்சியை விட்டே கிளம்பிவிடுவான். என்னுடைய நல்ல மந்திரவாதி ஒருவன் அப்படித்தான் சந்நியாசம் போனான், போட்டிருந்த சட்டையோடும் தொப்பியோடும்.

10 அக்டோபர்

ரியோவேன்ஸ். பழைய ஆட்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே போதும்.

மூன்றாம் அத்தியாயக் கடைசியில் ஒரு கோட்டை. வாசலில் ஒரு சண்டை, உள்ளே ஒன்று, கூரையில் ஒன்று. இடையில் வெளியே வர முடியாது. ஆனால் சேவ் செய்யட்டுமா என்று ஆட்டம் அன்பாகக் கேட்கும். நான் செய்தேன், இருந்த ஒரே பதிவின் மேலேயே. உள்ளே வீக்ராஃப் என்ற எதிரியோடு ராம்ஸா தனியாக மோத வேண்டும். ஒற்றைக்கு ஒற்றை. அதை ஜெயித்தால் அவன் பூதமாக மாறுவான், அப்போதுதான் நம் மற்ற ஆட்கள் வருவார்கள். என் ராம்ஸா அந்த நேரத்தில் மெலிந்த ஒரு மந்திரவாதி. இரண்டு வெட்டு தாங்க மாட்டான். திரும்பிப் போய்ப் பலம் ஏற்றவும் வழியில்லை. நாற்பது மணி நேரம் ஆடியது அந்த அறைக்குள் பூட்டிக் கிடந்தது.

மூன்று வாரம் தொடவே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா அவன் வித்தைப் பட்டியலைப் பார்த்தபோது கத்துகிற வித்தை ஒன்று கண்ணில் பட்டது. கத்தினால் வேகம் ஒன்று கூடும். தன்னைப் பார்த்தே கத்திக்கொள்ளலாம். ஓடிக்கொண்டே கத்தினேன். மருந்து குடித்தேன், கத்தினேன். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு வீக்ராஃப் ஒருமுறை நகர்வதற்குள் நான் மூன்று முறை நகர்ந்தேன். சிடி கணக்கு, மறுபடியும். மெலிந்த மந்திரவாதி அந்தப் பெரிய வீரனைச் சுற்றிச் சுற்றி வந்து குச்சியால் அடித்தே கொன்றான்.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். கிழவரும் கணக்காளரும் கத்தலும் எல்லாம் ஓட்டைகள். முதலில் நம்மை ஒரு மூலையில் வைத்து நசுக்குகிறார்கள். அப்புறம் சுவரில் ஓட்டை இருப்பதை நாமாகத் தேடிக் கண்டுபிடிக்க விடுகிறார்கள். சமநிலை சரியாக இருந்திருந்தால் நான் அந்த அறையிலேயே தோற்றுப்போய், வட்டை யாருக்காவது கொடுத்திருப்பேன்.

10 அக்டோபர், சற்றுப் பிறகு

ஆனாலும் அது மோசமான வடிவமைப்பு. மூன்று வாரக் கோபத்தை ஒரு ஞாயிறு சரிக்கட்டிவிட்டது என்பதற்காக நியாயப்படுத்தக் கூடாது. வேறு பதிவு வைக்காதவர் எத்தனை பேர் அங்கேயே விட்டுப் போயிருப்பார்கள். மேலே எழுதியதில் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்.

13 அக்டோபர்

கதையே தெரியாமல் ஒட்டிக்கொண்டேன் என்று முதல் நாள் பெருமையாக எழுதினேன். அதையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

ஐவாலிஸ் என்ற நாடு. ஐம்பதாண்டுப் போர் அப்போதுதான் முடிந்திருக்கிறது. சண்டை போட்ட சாமானியர்களுக்குக் கூலி கொடுக்காமல் கலைத்துவிடுகிறார்கள். அவர்கள்தான் கலகக்காரர்கள் ஆகிறார்கள், வீக்ராஃப் அவர்கள் தலைவன். டோர்ட்டரில் கூரை மேல் இருந்தவனும் அப்படி ஏமாற்றப்பட்டவன்தான். நாங்கள் அவனைக் கோடை முழுக்கத் திட்டித் தீர்த்தோம்.

ராம்ஸா பிரபு வீட்டுப் பிள்ளை. டெலிட்டா அதே வீட்டில் வளர்ந்த ஏழைப் பையன். டெலிட்டாவின் தங்கையைக் கலகக்காரர்கள் பணயமாகப் பிடிக்கிறார்கள். ராம்ஸாவின் அண்ணனே, வேறு தாய்க்குப் பிறந்தவன், எய்யச் சொல்லி உத்தரவு போடுகிறான். அம்பு அந்தப் பெண் மீது பாய்கிறது. முதல் அத்தியாயம் அங்கே முடியும். அதன் பிறகு டெலிட்டா எல்லாரையும் படிக்கட்டாக மிதித்து ராஜா ஆகிறான். ராம்ஸாவுக்குச் சரித்திரத்தில் மதத் துரோகி என்ற பெயர்தான். உண்மையை எழுதி வைத்த ஓரன் துரை என்பவரைத் திருச்சபை எரித்துக் கொல்கிறது. 400 வருஷம் கழித்து அவர் வம்சத்து அரஸ்லாம் துரை அந்த ஏடுகளை வெளியிடுகிறார். அவர் சொல்லும் கதையைத்தான் நாம் ஆடுகிறோம். ஆமாம், துரைதான். ஆங்கில வட்டின் முதல் திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நானும் அக்காவும் ஐந்து நிமிடம் சிரித்தோம். எங்களுக்குத் துரை என்றால் எதிர்வீட்டு மளிகைக்கடை அண்ணன்.

இயக்கியவர் யாசுமி மட்ஸுனோ. இதற்கு முன் குவெஸ்ட் நிறுவனத்தில் 1995இல் டாக்டிக்ஸ் ஓகர் செய்துவிட்டு, இதை வெளியிட்ட ஸ்கொயருக்கு வந்தவர். அதிலும் இதே அரசியல், இதே சாய்ந்த கட்டத் தரை.

2003இல் நாங்கள் கூலிக்கு எடுத்த வீரர்களுக்கெல்லாம் அக்காதான் பெயர் வைப்பாள், ஆங்கில எழுத்தில். ‘சுகந்தி’ என்று ஒரு வில்லாளிப் பெண், அக்காவின் பள்ளித் தோழி பெயர். இந்த ஆட்டத்தில் ஒருவர் விழுந்தால் தலைக்கு மேல் 3 என்று எண் தெரியும். அவருடைய முறை வரும்போதெல்லாம் ஒன்று குறையும். முடிந்துவிட்டால் ஆள் படிகமாகிவிடுவார். இதில் ஒரு குரூரம் உண்டு. வேகமானவர்களுக்கு முறை சீக்கிரம் வரும், அதனால் அவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள். சுகந்தி நல்ல வேகம். நான் மருந்துக்காரனை அனுப்பினேன், ஒரு கட்டம் குறைந்துவிட்டது.

படிகத்தின் மேல் போய் நின்றால் ஆட்டம் இரண்டு வழி தரும். காயத்தை ஆற்றிக்கொள்ளலாம், அல்லது இறந்தவர் கற்றதை எடுத்துக்கொள்ளலாம். நான் வித்தையை எடுத்தேன். அக்கா எழுந்து போய்விட்டாள். “அவ செத்து ஒரு நிமிஷம்கூட ஆகல” என்றாள் சமையலறையிலிருந்து.

ஜப்பானிய வட்டில் இப்படி யாரும் செத்ததில்லையா என்றால், நிறையப் பேர் செத்தார்கள். பெயர் படிக்கத் தெரியாததால் வலிக்கவில்லை.

15 அக்டோபர்

மொழிபெயர்ப்பைப் பற்றி இருவர் கேட்டார்கள். 1998 ஆங்கில வட்டின் மொழி தள்ளாடும். டிராகன்களின் மூச்சுத் தாக்குதலுக்கு ‘பனி வளையல்’, ‘நெருப்பு வளையல்’ என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்திருந்தார்கள். ஜப்பானிய எழுத்தில் ஆங்கில மூச்சும் ஆங்கில வளையலும் ‘புரெஸு’ என்றே தொடங்கும், குழம்பிவிட்டார்கள். ககர சகரங்களுக்கு நாலு ஒலி வைத்துப் படிக்கும் நமக்கு இது நன்றாகவே புரியும். டிராகன் வளையலை வீசுகிறது என்றுதான் நான் பல வருஷம் நினைத்தேன்.

2007இல் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கு வந்த பதிப்பில் மொழியைச் சுத்தமாக மாற்றி, பழைய மேடை நாடக ஆங்கிலத்தில் எழுதினார்கள். படிக்க அழகு. ஆனால் மந்திரம் போட்டால் திரை மெதுவாக ஊரும். புது மறுபதிப்புக்குக் குரல் நடிப்பும் உண்டு, மூன்று கடின நிலைகளும் உண்டு. பழைய மூல நிரல் கைவசம் இல்லாததால் ஆட்டத்தைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். துரை ஏடுகள் பத்திரமாக இருந்த கதையைச் சொன்னவர்கள் சொந்த ஏட்டைத் தொலைத்துவிட்டார்கள்.

18 அக்டோபர்

கேள்வி கேட்டவர் இப்போது ரியோவேன்ஸ் கூரையில் மாட்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறார். பதினைந்து நாளுக்கு முன்னால் மூக்கில்லாத பொம்மைகள் என்றவர்.

சொல்கிறேன். அங்கே ரஃபா என்ற பெண் சாகக் கூடாது, அதுதான் நிபந்தனை. ஆனால் அவளை ஆட்டமே நகர்த்தும், நேராக எதிரியிடம் ஓடிப் போவாள். உங்கள் முறை வருவதற்கு முன்பே அவள் செத்துச் சண்டை முடிந்தாலும் முடியும். ஆகவே வேகம்தான். வேகத்தைக் கூட்டும் தொப்பி எது இருந்தாலும் எல்லாருக்கும் மாட்டுங்கள், கவசத்தைப் பார்க்காதீர்கள். எல்லாரையும் கொல்லத் தேவையில்லை. அந்த இரண்டு பெண் கொலையாளிகளில் ஒருத்தியைச் சாகும் தறுவாய்க்குக் கொண்டுபோனாலே போதும், எதிரிகள் மூவரும் போய்விடுவார்கள். ஒரே ஆளைக் குறிவைத்து எல்லாரும் அடியுங்கள். ராசி பார்த்து ஆள் எடுங்கள்.

எனக்கு ஏழாவது முறையில் முடிந்தது. உங்களுக்கு எத்தனை என்று எழுதுங்கள். வேறு பதிவு ஒன்று வைத்திருக்கிறீர்கள்தானே?